முன்கூட்டிப் போட்ட சண்டை

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தவக்காலம் பிப்ரவரி மாதத்திலேயே வந்துவிட்டது. அது தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு, பென்னலூர்க் கோயிலில் பூசை வைக்க வந்த அமலநாதர் சாமி பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

“வருஷா வருஷம் கறியை விடுறேன்னு சொல்றீங்க. மாசத்துக்கு ஒரு தடவை திங்கிற கறியை விட்டா என்ன, விடாட்டி என்ன? இந்தத் தடவை எது இல்லாம உங்களால இருக்கவே முடியாதோ, அதை விடுங்க. புதன்கிழமைக்குள்ள யோசிச்சு வைங்க. அதுதான் ஆயத்தம்.”

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அருளப்பன் அதைக் கேட்டுக் கலங்கிப்போனான். நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஸ்பிரிங் கம்பெனியில் அவனுக்குப் பிரஸ் ஓட்டும் வேலை. நல்ல மனுஷன். ஆனால் விடுவதற்கு அவனிடம் எதுவும் இல்லை. பீடியை டாக்டர் நிறுத்திவிட்டார். சாராயத்தைக் கல்யாணத்துக்கு முன்பே மாமியார் நிறுத்திவிட்டாள். சினிமாவுக்குப் போனால் தூங்கிவிடுவான். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, எதை விடுவது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

அவன் மனைவி லூர்து மேரி குழம்பை ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னாள். “உன்னால வுட முடியாதது ஒண்ணே ஒண்ணுதான் கீது.”

“இன்னாது?”

“கன்னியப்பண்ணனோட போடற சண்டை.”

அருளப்பனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அப்படி வலித்ததனாலேயே அதுதான் சரி என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

கன்னியப்பன் பக்கத்து வீட்டுக்காரன். வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற விவசாயி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி. அந்த வேலிக்கு இந்தப் பக்கம் அருளப்பனும் அந்தப் பக்கம் கன்னியப்பனும் நின்று தினமும் காலையில் சண்டை போடுவார்கள். துவைக்கிற தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுவது, கன்னியப்பனின் ஆடு இந்தப் பக்கம் தலை நீட்டுவது, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கொக்கி போட்டு எடுத்த கரண்ட் என்று பேசுவதற்கு விஷயங்கள் இருந்தன. கை ஓங்கியதில்லை. ஒருவர் தாயை ஒருவர் இழுத்ததில்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு அருளப்பன் ஓடுவான். மீதி சாயந்தரம்.

அன்று மத்தியானமே அருளப்பன் வேலியருகே போய், சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று விஷயத்தைச் சொன்னான். கன்னியப்பன் கடலைக்கொடி உதறிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

“எத்தினி நாளு?”

“நாப்பது நாளு. ஈஸ்டர் வரிக்கும்.”

“நாப்பது நாளு நான் இன்னாடா பண்றது?”

“நீ வேற யார்கூடயாவது போட்டுக்கோ.”

கன்னியப்பனின் முகம் சுருங்கிவிட்டது. கொடியைக் கீழே போட்டான். “வேற யார்கூடயாவதா? நல்லா கீதுடா உன் நாயம்,” என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியார் தங்கியிருந்த ஸ்ரீபெரும்புதூருக்கு நேரே மிதித்தான்.

அமலநாதர் சாமி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். வியர்வையோடு வந்து நின்ற கன்னியப்பனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

“சாமி, என் ஆட்ட எடுத்து அருளப்பன் உங்க கோயிலுக்கு நேந்துவுட முடியுங்களா?”

“முடியாது. ஏன் கேக்கறீங்க?”

“அப்ப என் சண்டைய மட்டும் எப்பிடி நேந்துவுட்டான்? ஒருத்தன் போட்டா அது சண்டையாங்க? அதுல பாதி என்னுதுங்க. என்ன ஒரு வார்த்த கேக்கலியே.”

சாமியாருக்குக் குருமடத்தில் பல பாடங்கள் நடத்தியிருந்தார்கள். இந்தப் பாடம் அவற்றில் இல்லை. துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“குவைத்துல அவ்ளோ பெரிய சண்ட நடக்குது,” என்றான் கன்னியப்பன். “அதுனால கிருஷ்ணாயிலே கெடைக்கல. அத நிறுத்தச் சொல்லாம எங்களுத நிறுத்தறீங்களே.”

“தவக்காலம் புதன்கிழமைதாங்க ஆரம்பிக்குது,” என்றார் சாமியார் கடைசியில். “அதுவரைக்கும் அவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்து, இருக்கறதையெல்லாம் பேசித் தீர்த்துக்கோங்களேன்.”

அவர் சமாதானத்தை நினைத்துத்தான் சொன்னார். கன்னியப்பனின் காதில் வேறு மாதிரி விழுந்தது. இருக்கிறதைத் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்; அதாவது நாற்பது நாள் சண்டையையும் புதன்கிழமைக்குள் போட்டு முடித்துவிடலாம் என்கிறார். கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்தான்.

அருளப்பனுக்கும் அது நியாயமாகவே பட்டது. “கம்பெனிலகூட அப்பிடித்தான். ஆர்டர் ஜாஸ்தியா இருந்தா ஓ.டி. போட்டு முடிச்சிருவாங்க,” என்றான்.

திங்கட்கிழமை காலையில் ஷிஃப்டுக்குப் போய் சூப்பர்வைசர் நடேசனிடம் புதன்கிழமை வரைக்கும் லீவு கேட்டான். நடேசன் திருநெல்வேலிக்காரர்.

“எதுக்குவே லீவு?”

“தவக்காலத்துக்கு ஆயத்தம் பண்ணணும் சார்.”

“ஆயத்தம்னா? ஜெபம் கிபமா?”

அருளப்பன் பொய் சொல்லாதவன். “இல்ல சார். பக்கத்து வூட்டுக்காரனோட சண்ட போடணும்.”

நடேசன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் ஊரில் ஒரு பங்காளி இருந்தான். “போய்ட்டு வாரும்,” என்று விட்டுவிட்டார்.

சண்டை அன்று பத்து மணிவாக்கில் தொடங்கியது. துவைக்கிற தண்ணீரை முதலில் எடுத்தார்கள். எப்போதும் ஹாரன் சத்தத்தில் அறுந்துபோகிற இடம் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. இருவரும் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு, அதைத் தாண்டிப் போனார்கள். அதற்கு அப்பால் அவர்கள் போனதே இல்லை.

“தண்ணி எங்கடா நிக்குது? காமி,” என்றான் அருளப்பன்.

“வாடா, வந்து பாரு,” என்றான் கன்னியப்பன்.

வேலியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். தண்ணீர் எங்கும் நிற்கவில்லை. நேராக ஓடி கன்னியப்பனின் வாழைக்கன்றுகளுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. வாழை கொழுகொழுவென்று நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள். கன்னியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சரி, ஆட்டுக்கு வா,” என்றான்.

ஆடும் அப்படித்தான் ஆயிற்று. ஆட்டுக்குத் தழை போடுவது லூர்து மேரிதான் என்று விசாரணையில் தெரிந்தது. ஒலிபெருக்கி விஷயத்தில் அருளப்பனே போன வருஷம் மைக் செட்டுக்காரனுக்குக் கூழ் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்பதைக் கன்னியப்பனின் மனைவி கனகம் நினைவுபடுத்தினாள். கரண்ட் கொக்கியைப் போட்டுக் கொடுத்ததே கன்னியப்பன்தான். படப்பையிலிருந்து இதைப் பார்க்கவென்றே ஒருவர் தன் மச்சானோடு வந்திருந்தார். கூட்டம் சேர்ந்தது. பழைய விஷயங்களையெல்லாம் தோண்டி எடுத்து, ஒவ்வொன்றையும் கடைசி வரைக்கும் பேசினார்கள். கடைசி வரைக்கும் பேசிய ஒவ்வொன்றும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பேருக்கும் குரல் கட்டிவிட்டது. கூட்டம் கலைந்துவிட்டது. வேலியருகே ஆளுக்கொரு பக்கம் குந்திக்கொண்டார்கள்.

“வேற இன்னா கீது?” என்றான் அருளப்பன்.

கன்னியப்பன் யோசித்தான். “ஒண்ணும் இல்லடா.”

இருவருக்கும் பயமாக இருந்தது. சண்டை முடிந்துபோகக்கூடிய ஒரு பொருள் என்று அவர்கள் ஒருநாளும் நினைத்திருக்கவில்லை.

சுக்குக் காப்பி கொண்டுவந்த லூர்து மேரிதான் அடுத்த சிக்கலைக் கண்டுபிடித்தாள். “நாளிக்கு கோயில்ல போயி இன்னாத்த வுடறேன்னு சொல்லுவ? இல்லாத சண்டைய வுடறேன்னு ஆண்டவர்கிட்டயே சொல்லுவியா? அது பொய் இல்லியா?”

அருளப்பன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அவன் கண் கலங்கியதைக் கன்னியப்பன் பார்த்தான். தன்னால்தான் இது நடந்தது என்று அவனுக்கு உறைத்தது. அவன் சாமியாரிடம் போகாமல் இருந்திருந்தால் நாற்பது நாளைக்கான சண்டை பத்திரமாக இருந்திருக்கும். அருளப்பனும் நல்லபடியாக அதை விட்டிருப்பான்.

“நீ அழுவாத,” என்றான் கன்னியப்பன். “நாளிக்கு போயி விபூதி வெச்சிக்கினு வா. மத்தத நான் பாத்துக்கறேன்.”

“இன்னா பண்ணுவ?”

“அத சொன்னா அது சண்ட ஆவாது.”

புதன்கிழமை காலை பூசையில் சாமியார் அருளப்பனின் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரனுடன் சண்டை போடமாட்டேன் என்று சந்தேகத்தோடு வேண்டிக்கொண்டான். அன்று ஒரே வேளைதான் சாப்பாடு, அதிலும் கவிச்சி கிடையாது. காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தான். பூசை முடிந்து மனைவியோடு நடந்து வரும்போது, தெருமுனையிலேயே மணம் மூக்கைப் பிடித்தது.

“நாட்டுக்கோழி,” என்றாள் லூர்து மேரி.

“மொளகு தூக்கலா போட்டுக் கீறாங்க,” என்றான் அருளப்பன், வாயூற.

வீட்டை நெருங்க நெருங்க மணம் கூடியது. வேலியோரம் சிவப்பும் கறுப்புமாக இறகுகள் கிடந்தன. அருளப்பன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். அது அவனுடைய சேவலின் இறகு. ஈஸ்டர் அன்று விருந்து வைப்பதற்கென்று குஞ்சிலிருந்து வளர்த்த சேவல். கம்பெனியிலிருந்து வந்ததும் அவன் மடியில் ஏறி உட்காருகிற சேவல். விருந்து வைக்க அவனுக்கு மனசு வருமா என்று லூர்து மேரிக்கே சந்தேகம் இருந்தது.

கன்னியப்பன் வாசலில் இலை போட்டு உட்கார்ந்திருந்தான். இலையில் சோறும் குழம்பும் நிறைய இருந்தன. அவன் முகத்தில் ருசி எதுவும் தெரியவில்லை. மருந்து குடிக்கிறவன் மாதிரி ஒரு தொடைக்கறியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“நேத்தே அறுத்திருப்பேன்,” என்றான் அருளப்பனை நிமிர்ந்து பார்க்காமல். “செவ்வாக்கெழம நான் கவிச்சி தொடமாட்டேன். அதான் இன்னிக்கு.”

அருளப்பன் இறகோடு வேலியருகே வந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. அவன் வாய் திறந்தது. இரண்டு நாள் ஓவர்டைமில் வராத வார்த்தைகளெல்லாம், அவனுக்கே தெரியாத வார்த்தைகளெல்லாம், தொண்டைக்கு வந்து நின்றன. கன்னியப்பனின் தாயைப் பற்றிக்கூட ஒன்று வந்தது. நெற்றியில் சாம்பல் வியர்வையில் கரைந்து மூக்கின்மேல் இறங்கியது.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

“இப்ப வுடு,” என்றான் கன்னியப்பன் தாழ்ந்த குரலில். “இப்ப வுட்டாத்தான் அது வுடறது.”

அருளப்பன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கனகம் வெளியே வந்து, லூர்து மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் வேணாம்னு சொன்னேங்கா. ராவெல்லாம் தூங்கல இந்த மனுசன். வேற எது பண்ணாலும் உங்க வூட்டுக்காரரு மன்னிச்சிருவாருன்னு சொல்லிச்சி.”

கன்னியப்பன் அந்த முழுக் குழம்பையும் அன்றே தின்று முடித்தான். யாருக்கும் கொடுக்கவில்லை. பாவத்தில் வேறு யாருக்கும் பங்கு போகக் கூடாது என்று சொன்னான். மறுநாள் வயிறு கெட்டு இரண்டு நாள் படுத்தே கிடந்தான்.

அதற்குப் பிறகு அருளப்பன் தவக்காலம் காத்தது போல அந்தக் கோயில் மக்களில் யாரும் காக்கவில்லை. காலையில் வேலியருகே வந்து நிற்பான். கன்னியப்பனும் எதிரே வந்து நிற்பான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பஸ் ஹாரன் அடிக்கும். அருளப்பன் போய்விடுவான். கம்பெனியில் பிரஸ் ஓட்டும்போது அவன் உதடுகள் அசைவதைப் பார்த்த நடேசன், பயல் ஜெபம் பண்ணுகிறான் என்று மரியாதையாக விலகிப் போவார். அருளப்பன் ஈஸ்டர் அன்று பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். பாதி வழியில் தினமும் சேவலின் ஞாபகம் வந்து, ஒத்திகை அழுகையாக மாறிவிடும். அப்போது நிஜமாகவே ஜெபம்தான் பண்ணுவான்.

தவக்காலத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் நாற்பது நாள் கணக்கில் சேராது என்று கன்னியப்பன் எங்கோ கேட்டுவிட்டு, ஒரு ஞாயிறு காலையில் குளித்துத் தலை சீவிக்கொண்டு வேலியருகே வந்தான். “இன்னிக்கு கணக்குல வராதாமேடா. ஒரு அரமணி நேரம் வுட்டுத் திட்டு. என்னால தாங்க முடியல.”

அருளப்பன் தலையை மட்டும் ஆட்டினான், முடியாது என்று.

அந்த ஊரில் கன்னியப்பன் அளவுக்கு ஈஸ்டரை எதிர்பார்த்த கிறிஸ்தவர் யாரும் இல்லை. மார்ச் கடைசி ஞாயிறு, ஈஸ்டர் பூசை முடிந்து ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. கன்னியப்பன் பொங்கலுக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, வேலியின் அந்தப் பக்கத்தில் கைகட்டி நின்றான். மீசை துடித்தது. அருளப்பன் நிதானமாக நடந்து வந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். கூட்டம் நெருங்கி வந்தது.

அவன் கன்னியப்பனை மேலும் கீழும் பார்த்தான். இந்த ஒன்றரை மாதத்தில் கன்னியப்பன் இளைத்துப்போயிருந்தான்.

“சாப்ட்டியா?” என்றான் அருளப்பன்.

“இல்லடா. எறங்கல.”

“உள்ள வா. மொதல்ல சாப்புடு,” என்றான் அருளப்பன். “இது லேசுல முடியற சண்ட இல்ல.”