கஞ்சிக்கு வந்த படைகள்

அத்திவாடியில் சாஜிதா வீட்டுக் கொல்லைக்கு லிபியா நாட்டில் சண்டை போட்ட படைகள் வருஷத்துக்கு ஒன்றாக வந்து, நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுப் போகின்றன. முதலில் வந்தது நாலு குதிரை பூட்டிய தேர்ப்படை. அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீரை முன்கூட்டியே திறந்துவிட்டிருந்தார்கள், குறுவை நன்றாக நின்றது, ஆனால் வைக்கோலுக்குத் தட்டுப்பாடு. குதிரைகளுக்குப் போட்ட வைக்கோல் முழுக்கப் பக்கத்து வயல்காரர் குணசேகரன் கொடுத்தது. தேர் பூட்டிக்கொண்டு வரத் தெரிந்தவனுக்கு ஒரு கட்டுப் புல் எடுத்துவரத் தெரியாதா என்று அவர் தை மாதம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாஜிதாவின் புருஷன் ஜாஹித் லிபியாவில் கட்டட வேலைக்குப் போனவன். இரண்டாயிரத்துப் பதினொன்றில் அங்கே சண்டை மூண்டபோது நம் ஆட்களையெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். ஜாஹித் துறைமுகம் வரைக்கும் வந்துவிட்டான். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கம்பெனி ஆபீஸில் கிடக்கிறது, ஓடிப் போய் எடுத்து வந்துவிடுகிறேன் என்று பையைக் கூட்டாளி ரெத்தினத்திடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். கப்பல் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது. மன்னார்குடிக்காரரான ரெத்தினம் ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பையை அத்திவாடியில் கொண்டுவந்து கொடுத்தார், சாஜிதாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவள் பையிலிருந்த சட்டைகளைக் கொல்லையில் போட்டு உதறினாள். ஒரு கைப்பிடி மணல் விழுந்தது. அதைப் பெருக்கித் தள்ள மனசு வரவில்லை, விட்டுவிட்டாள். மறுநாள் அது ஒரு பாய் அகலத்துக்கு இருந்தது. ஆடி முடிவதற்குள் முருங்கைமரம் தொடங்கி வாய்க்கால் வரைக்கும் கொல்லை முழுக்க மணலாகிவிட்டது. டெல்டாவின் களிமண்ணுக்கு நடுவில் அப்படி ஒரு மணல் கிடந்ததை ஊரார் வந்து மிதித்துப் பார்த்துவிட்டு, கொல்லையை மேடாக்க லாரி மணல் வாங்கும் செலவு மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மணலிலிருந்துதான் படைகள் ஏறி வந்தன.

நோன்பு மாதத்தின் கடைசிப் பத்தில் ஏதாவது ஒரு நாள் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில், பொழுது சாயும் நேரத்தில் வருவார்கள், எந்த நாள் என்று தெரியாது. வந்து, பசித்த முகத்தோடு வரிசையாக நிற்பார்கள். தேர்க்காரர்களுக்கும் பிறகு வந்த ரோமாபுரிக்காரர்களுக்கும் பள்ளிவாசல் கஞ்சியைக் கொடுக்கலாமா என்று ஜமாத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கஞ்சி வாளிக்கு எதிரே நிற்கிறவனைப் பார்த்து நீ யார் என்று இந்த ஊரில் என்றைக்குக் கேட்டோம் என்று ஹஜ்ரத் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதிலிருந்து கடைசிப் பத்து நாளும் ஒரு தேக்சா கஞ்சி கூடுதலாகக் காய்ச்சி சாஜிதா வீட்டுக் கொல்லைக்கு அனுப்பினார்கள். படை வராத நாளில் அது குணசேகரன் தெருவுக்குப் போனது. வருகிறவர்கள் யார் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைக் குணசேகரன் மனைவி இசைவாணி டீச்சர் எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர், கையில் போனும் இருந்தது. கவசத்தையும் கொடியையும் பார்ப்பார், போனில் தடவுவார், இன்னார் என்பார். எல்லாம் ஒழுங்காகப் பழசிலிருந்து புதுசுக்கு வருகிறது சாஜிதா என்று அவர்தான் முதலில் சொன்னார்.

ரோமாபுரிக்காரர்கள் வந்த வருஷம் வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவர்களுக்குப் பின்னால் வந்த வாண்டல் இனத்தார் முண்டியடித்தார்கள். குணசேகரன் வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்று அதட்டினார், அடங்கிவிட்டார்கள். அரபுக் குதிரைக்காரர்கள் பாங்கு சொல்லும் வரைக்கும் இரும்புத் தொப்பியில் வாங்கிய கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள், தொழுகைக்கு இடம் போதாமல் வயல் வரப்பு வரைக்கும் அணிவகுத்து நின்றார்கள். கஜா புயல் தென்னையையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனதற்கு அடுத்த கோடையில், அக்கினி நட்சத்திரத்தில், தலை முதல் கால் வரை இரும்பு மாட்டிய சிலுவைக்கொடி வீரர்கள் வந்து நிழலில்லாமல் வெந்துபோனார்கள். ஊர்ப் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து அந்த இரும்பின் மேல் ஊற்றினார்கள். கொரோனா வருஷம் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சக்கூடாது என்று உத்தரவு. துருக்கி சுல்தானின் படை வந்து நின்றபோது சாஜிதா தனியாகவே அடுப்பு மூட்டினாள், அவர்களும் சொல்லாமலே ஒரு கோல் இடைவெளி விட்டு நின்றார்கள். இத்தாலிக்காரர்கள் ஒரு ஆகாய விமானத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள், அது வாய்க்காலில் இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டது. டிராக்டர் கட்டித்தான் இழுக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை வந்தவன் மறுபடி வந்ததில்லை.

சாஜிதாவுக்கு இந்தக் கணக்கு முதலிலேயே பிடிபட்டுவிட்டது. பழசிலிருந்து புதுசுக்கு வருகிறது என்றால் ஜாஹித் மாட்டிக்கொண்ட சண்டையும் ஒருநாள் இந்தக் கொல்லைக்கு வந்துதானே தீரவேண்டும்? அதோடு அவனும் வந்துவிடுவான். இந்த நினைப்பில்தான் அவள் வருஷா வருஷம் அகப்பையைப் பிடித்தாள். ஊற்றும்போது அகப்பையைப் பார்க்க மாட்டாள், முகத்தைப் பார்ப்பாள். ஒருவேளை முந்தியே வந்துவிட்டால்? பாதிக் கஞ்சி அவள் கையிலும் மணலிலும்தான் போகும். அதைத் தின்னக் குணசேகரனின் வாத்துகள் வந்துவிடும், நோன்பு மாதத்தில் என் வாத்துக்குத் தீவனச் செலவில்லை என்று அவர் கேலி பேசுவார். காணாமல் போனவனோடு செய்த நிக்காஹை முறித்துவிட்டு இன்னொரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வழியிருக்கிறது என்று ஜமாத்தார் நாலைந்து தடவை நல்லபடியாகவே சொல்லிப் பார்த்தார்கள். படைகள் வந்து முடியட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய மாமியார் சைத்தூன் பீவி மட்டும் ஒரு வருஷமும் கொல்லைப் பக்கம் வந்ததில்லை. படை வரும் நேரத்துக்குப் போய் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். யார் வந்தார்கள் என்று கேட்கக்கூட மாட்டார்.

"எம் புள்ள வாசல் வழியாத்தான் வருவான். கொல்லை வழியா வர்றவங்க யாரா இருந்தாலும் எனக்குத் தெரிய வேணாம்" என்பார்.

கிழவிக்கு வீம்பு என்றுதான் சாஜிதா நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் உலக யுத்தத்துப் படை வந்த வருஷம் வரிசையில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே ஒரு கறுத்த ஆள் நின்றிருந்தார். அகப்பையை நீட்டியதும் கஞ்சியை மோந்து பார்த்துவிட்டு, ரம்பை இலை போட்டீங்களாம்மா என்றார். சாஜிதா எந்த ஊர் என்று கேட்டாள். ஒரத்தநாட்டுப் பக்கம், மெட்ராஸ் சாப்பர் படையில் கண்ணிவெடி தோண்டி எடுக்கும் வேலை, பேர் துரைராசு. இத்தனை வருஷத்தில் தமிழ் பேசுகிற ஆள் ஒருத்தர் கிடைத்தார் என்று அவரை முருங்கைமரத்தடியில் உட்காரவைத்து விசாரித்தாள். சண்டை முடிந்து ஊர் திரும்பினவர்களும் உங்களோடு வந்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

துரைராசு தொப்பியிலிருந்த கஞ்சியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"திரும்பிப் போனவன் எதுக்கும்மா வரப்போறான், அவன் ஊட்டுலதான் சோறு இருக்கே. அந்த மண்ணுக்குள்ள போனவங்க மட்டுந்தான் வர்றோம்."

அப்புறம் அவர் கொல்லைக்கு அப்பால் நடவு முடிந்த வயல் ஏதாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். சித்திரையில் ஏது நடவு? உளுந்து பிடுங்கின தரிசுதான் கிடந்தது. அதையும் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். சாஜிதா முன்வாசலுக்கு வந்தாள். சைத்தூன் பீவி நாற்காலியில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாமி முதல் வருஷத்திலிருந்தே இதைத் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவர் காலடியில் உட்கார்ந்து தலையை அவர் மடியில் வைத்துக்கொண்டாள். கிழவி தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சாஜிதாவின் துஆ தலைகீழாகிவிட்டது. அவன் வந்துவிட வேண்டும் என்று கேட்டவள், யா அல்லாஹ், அவன் வரக்கூடாது என்று கேட்டாள். அடுத்த வருஷம் பக்கத்து நாட்டோடு நடந்த எல்லைச் சண்டையில் செத்தவர்கள் பிக்கப் வண்டிகளில் வந்தார்கள். இசைவாணி டீச்சர் போனை எடுத்துப் பார்த்தார், பிறகு அதை முந்தானையில் சொருகிக்கொண்டார். அடுத்தது எது என்று சாஜிதா கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீச்சர் பொய் சொல்லியிருப்பார்.

போன வருஷம் மார்ச்சில் நோன்பு. வயலெல்லாம் உளுந்து பூத்துக் கிடந்தது. பிறை இருபத்தொன்றிலிருந்தே அவளுக்குத் தூக்கமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மணலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லாம் சின்னப் பையன்கள். சட்டை ஒரு மாதிரி, கால்சட்டை ஒரு மாதிரி, சிலர் காலில் ரப்பர் செருப்பு. ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போட்டுச் செத்தவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள், கையில் பச்சை இரும்புத் தொப்பிகளை நீட்டிக்கொண்டு. சாஜிதா ஊற்றிக்கொண்டே வந்தாள். இவன் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இவனும் இல்லை. இல்லாத ஒவ்வொரு முகத்துக்கும் அவள் சந்தோஷப்பட்டாள், அந்தப் பையன்களின் தாய்மாரை நினைத்ததும் அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டாள், மறுபடி சந்தோஷப்பட்டாள். வரிசை முடியப் போகிறது என்று மூச்சு விட்டு நிமிர்ந்தபோது கடைசியில் ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது.

கட்டட வேலைக்காரர்கள் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி. ஜாஹித் அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, தனக்கு முன்னால் நிற்கிற பையனை இடிக்காமல் ஒதுங்கி நின்றான். வயது கூடவே இல்லை. இவளுக்குத்தான் காதோரம் நரைத்திருந்தது. அவன் எதிரே வந்து நின்றதும் சட்டைக்குள் கையை விட்டு, ரப்பர் பேண்டு போட்ட பாஸ்போர்ட் கட்டை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"எல்லாருதும் இருக்கு சாஜி. எடுத்துட்டு வர்றதுக்குள்ள கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அவளால் அகப்பையைத் தூக்க முடியவில்லை. அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சைத்தூன் பீவி சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்படி இறங்கி வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு, ஜாஹித் என்று புள்ளிப்புள்ளியாகப் பேர் வெட்டியது. சின்ன வயதில் அவன் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்க ஓடுவது அதை எடுத்துக்கொண்டுதான். மகன் முகத்தை அவர் நன்றாகப் பார்த்தார். இத்தனை வருஷம் தெருவைப் பார்த்த கண் அது.

"தொப்பியிலயா வாங்குறது? இந்தா, தூக்குல வாங்கு."

மருமகள் கையிலிருந்து அகப்பையை வாங்கி அவரே விளிம்பு வரைக்கும் ஊற்றினார். பாங்கு சொன்னது. ஜாஹித் பிஸ்மி சொல்லிக் குடித்தான், உப்பு கம்மி உம்மா என்றான், அவனுக்கு எப்போதுமே உப்பு கம்மிதான். குடித்ததும் வாய்க்காலில் இறங்கித் தூக்கைக் கழுவி, சின்னப் பிள்ளையில் சொல்லிக்கொடுத்தபடி கல்லின் மேல் கவிழ்த்து வைத்தான். மற்றவர்கள் மணலில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள், கடைசியாக அவனும் இறங்கினான். மஞ்சள் தொப்பி கொஞ்ச நேரம் தெரிந்தது.

மறுநாள் பள்ளிவாசலில், மையித் இல்லாமலே இறந்தவனுக்காகத் தொழும் காயிப் ஜனாஸா தொழுதார்கள். ரெத்தினம் மன்னார்குடியிலிருந்து வந்து தன் பழைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை காப்பி குடித்துவிட்டுப் போனார். புருஷன் இறந்தவள் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் இத்தா இருக்கப்போவதாகச் சாஜிதா சொன்னாள். மவுத்தான நாளிலிருந்து கணக்கு வைத்தால் இத்தா எப்போதோ முடிந்துவிட்டது, மார்க்கப்படி இருக்கத் தேவையில்லை என்று ஹஜ்ரத் சொல்லியனுப்பினார். மார்க்கத்துக்குத் தேவையில்லாவிட்டால் எனக்குத் தேவை என்று அவள் பதில் சொல்லியனுப்பினாள். இருந்துட்டுப் போகட்டும், இத்தனை வருஷம் அவள் உட்காரவே இல்லை என்று சைத்தூன் பீவியும் சொல்லிவிட்டார். நாலு மாதமும் பத்து நாளும் சாஜிதா உள்ளறையில் உட்கார்ந்து அழுதாள், தூங்கினாள், மாமி கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டாள். அழுவதற்கு அவளுக்கு அதுவரைக்கும் அனுமதி இல்லாமல் இருந்தது.

அந்த நாட்டில் சண்டை அதோடு முடியவில்லை, அதனால் இந்த வருஷமும் கடைசிப் பத்தில் கஞ்சி வந்தது, படையும் வந்தது. சைத்தூன் பீவி நாற்காலியை முன்வாசலிலிருந்து தூக்கிக் கொல்லையில் போட்டு, தொப்பி இல்லாமல் வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாஜிதா அகப்பையைப் பிடித்தாள். ஒவ்வொருத்தனுக்கும் நிறைய ஊற்றி, போதுமா தம்பி என்று கேட்டு அனுப்பினாள். குணசேகரனின் வாத்துகள் வழக்கம்போல வந்து தேக்சாவைச் சுற்றி நின்றன. கீழே ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவை வாய்க்காலுக்குப் போய்விட்டன.