மூன்றாம் டிஸ்க்கில் காடையரசன்

செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து அந்தத் திரையில் ஒரே எண் நின்றுகொண்டிருந்தது. தொண்ணூற்றேழு சதவீதம். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவரிடம் லீவு சொல்லிவிட்டு, புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்தபோதும் அதே தொண்ணூற்றேழுதான். அன்ஸ்கர் நேற்று உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், நேற்றுப் போட்டிருந்த அதே ஸ்வெட்டரில் உட்கார்ந்து, டிஸ்க்கைக் கழற்றும் கட்டளையை மறுபடி தட்டினான். 'செல்லாது' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. எது செல்லாது, ஏன் செல்லாது, அதெல்லாம் கிடையாது. வரி அலுவலகத்தில்கூடக் காரணம் எழுதித்தான் விண்ணப்பத்தைத் திருப்புவார்கள். திரையை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது எனக்கு.

எங்கள் பறவைச் சங்கத்தின் சர்வர், காப்பி மெஷின் இருக்கும் அதே அலமாரியில், கீழ்த்தட்டில் இருக்கிறது. ஐந்து ஹார்ட் டிஸ்க்குகள். ஐந்தையும் கோத்து ஒரே பெட்டியாகக் காட்டும் ஃபைல் சிஸ்டம் ஒன்றை அன்ஸ்கர் மூன்று வருடத்துக்கு முன் போட்டான். அது இன்னும் சோதனை நிலையில் இருப்பது. அவன் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை செய்கிறவன். சிக்னலிலும் இப்படிச் சோதனைச் சாமானைத்தான் வைப்பாயா என்று அன்றே கேட்டேன். சிரித்தான். எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் இரண்டு பிரதியாக எழுதும், ஒன்று போனால் இன்னொன்றில் இருக்கும் என்றான். இப்போது மூன்றாம் டிஸ்க் சாகக் கிடக்கிறது. அதில் உள்ளதை மற்ற நான்குக்கும் நகர்த்திவிட்டு அதை வெளியே எடுக்க வேண்டும். நகரவும் மாட்டேன், வெளியே வரவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. இதில் கர்ர்-கர்ர் என்று ஒரு சத்தம் வேறு. பற்களை டிரில் செய்கிற இடத்திலேயே இருபது வருடம் குப்பை கொட்டியவள் நான், எனக்கே அந்தச் சத்தம் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சாலைத் திட்ட அலுவலகத்தில் விசாரணை. மோர்பெக் ஆற்றுப் புல்வெளியை அறுத்துக்கொண்டு புறவழிச்சாலை வரப்போகிறது. அங்கே காடையரசன் என்ற அரிய பறவை வாழ்கிறது என்று காட்டினால் சாலையைப் புல்வெளியை விட்டுத் தள்ளிப் போட வேண்டும், காட்டாவிட்டால் சாலை வந்துவிடும். காடையரசனைக் கண்ணால் பார்ப்பது நடக்கிற காரியமில்லை, புல்லுக்குள்ளேயே ஓடி ஒளிகிற பிறவி. குரல்தான் சாட்சி. சீப்பின் பற்களை நகத்தால் இரண்டு தரம் இழுத்தாற்போல ஒரு கரகரப்பு. ஜூன் மாதத்தில் ரப்பர் பூட்ஸோடு கொசுக்கடியில் நின்று நான் பதிந்தவை நாற்பத்தொரு பதிவுகள். வெட்டாத, ஒட்டாத மூலப் பதிவு வேண்டும் என்று அலுவலகக் கடிதத்திலேயே இருந்தது. மூலப் பதிவு சர்வரில்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியின் மெமரி கார்டை அடுத்த பதிவுக்காக நானே அழித்துவிட்டேன், அதுதான் சர்வரில் இருக்கிறதே என்று.

பதினோரு மணிக்குத் தலைவர் வோல்க்மார் வந்தார். எழுபத்திரண்டு வயது, கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் தெரியாது, அதனால் கருத்துக்குப் பஞ்சமில்லை. கட்டாயப்படுத்திக் கழற்ற ஒரு வழி இருக்கிறது என்று அன்ஸ்கர் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அப்படியானால் கட்டாயப்படுத்து, எத்தனை நாள் இதைக் கெஞ்சுவது என்று சொல்லிக்கொண்டே காப்பி மெஷின் பக்கம் போனார். அது கொட்டை அரைக்கும்போது அலமாரியே ஆடும்.

"வோல்க்மார், அதுல கை வெச்சே, தூக்கி ஆத்துல போட்டுடுவேன்" என்றேன். எங்கள் சங்கத்தில் வயது பார்ப்பதில்லை. எல்லோருக்கும் எல்லோரும் நீதான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அன்ஸ்கர் இணையத்தில் இந்த ஃபைல் சிஸ்டத்துக்காரர்கள் கூடும் இடத்தில் நேற்றே எழுதிக் கேட்டிருந்தான். முதலில் புதிய பதிப்புக்கு மாறு, பிறகு கேள் என்று யாரோ ஒரு மகராசன் பதில் போட்டிருந்தான். விடியற்காலையில் மாறியும் ஆயிற்று, அதே செல்லாதுதான். இப்போது இன்னொருவர், கட்டளையின் பதிலைப் பார்க்காதே, சர்வர் தன் வேலையைக் குறித்துவைக்கும் உள்குறிப்பைப் பார் என்று எழுதியிருந்தார். அன்ஸ்கர் பார்த்தான். வரிசையாக எண்கள். ஒவ்வொரு எண்ணையும் ஃபைல் பெயரோடு பொருத்திக் காகிதத்தில் எழுதினான். எழுத எழுத அவன் கழுத்து சிவந்தது.

"மத்ததெல்லாம் நகர்ந்துடுச்சு, கெசீன" என்றான். "மிச்சம் நாப்பத்தோரு ஃபைல். அதுக்கு ஒரே பிரதிதான். இந்த டிஸ்க்கால அதைப் படிக்க முடியல. கழட்டினா போயிடும்னுதான் விடமாட்டேங்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினேன்.

"ரெண்டு பிரதின்னு சொன்னது நீங்கதானே, திரு. டீர்க்சன்?"

வோல்க்மார் தரையைப் பார்த்தார். ஆறு வருடம் அன்ஸ்கர், நீ என்று கூப்பிட்டவனைத் திடீரென்று குடும்பப் பெயர் சொல்லி நீங்க என்பது எங்கள் ஊரில் வாசலைக் காட்டுவதற்குச் சமம். தெரிந்துதான் சொன்னேன். வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அன்ஸ்கர் திரையிலிருந்து திரும்பாமல், "ஒரு பிரதி போதும்னு முடிவு பண்ணது நானில்ல" என்றான்.

முடிவு என்றால் கூட்டத்து முடிவு. கூட்டம் என்றால் பொதுக்கூட்டக் குறிப்பேடு. பதினெட்டு வருடமாகக் குறிப்பேடு எழுதுகிறவள் நான். ஆதாரத்தோடு அவன் முகத்தில் விட்டெறிகிறேன் என்று அலுவலக அறைக்குப் போய், பச்சைக் கோப்பை எடுத்து, நின்றபடியே புரட்டினேன். மார்ச் மாதக் கூட்டம். ஐந்தாவது பொருள் கோடைக்கால வறுவல் விருந்து. ஆறாவது கூடுப்பெட்டிகளுக்கு வர்ணம். ஏழாவது, பழைய காப்பி மெஷினுக்குப் பதில் கொட்டை அரைக்கும் புதியது வாங்குவது, சர்வருக்கு ஆறாவது டிஸ்க் வாங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது, அதுவரை இடம் மிச்சப்படுத்த மூல ஒலிப்பதிவுகளுக்கு ஒரு பிரதி மட்டும் வைப்பது. ஆதரவு பதினான்கு. எதிர்ப்பு ஒன்று. தன் எதிர்ப்பைப் பெயரோடு பதிய வேண்டும் என்று அ. டீர்க்சன் கேட்டுக்கொண்டார். கீழே கையெழுத்து, கெசீன ஹார்ம்ஸ். என்னுடையதுதான்.

நினைவு வந்தது. பெயரோடு பதி என்று அவன் கேட்டபோது, கேக் வெட்டக் காத்திருக்கும் நேரத்தில் இவனுக்கென்ன வம்பு என்று எனக்கு எரிச்சல். பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன், அடுத்த தாள்வரை தடம் பதிந்திருந்தது. ஆதரவாகத் தூக்கிய பதினான்கு கைகளில் ஒன்று என்னுடையது. கோபம் போகவில்லை. இன்னும் கூடியது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போய் யார் தலையில் போடுவது? கோப்பை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது அன்ஸ்கர் பெட்டியின் பக்கப் பலகையைத் திறந்து, மேஜை விசிறியை மூன்றாம் டிஸ்க்கைப் பார்த்து வைத்திருந்தான். அந்த நாற்பத்தொரு பதிவுகளின் ஃபோல்டருக்கு இரண்டு பிரதி என்று மாற்றிவிட்டான். மெதுவாக, ஒவ்வொரு துண்டாக, கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லியிருந்தான். டிஸ்க் அதுவரை தாங்குமா என்று வோல்க்மார் கேட்டார். தெரியாது என்றான்.

நான் பையிலிருந்து ரொட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"நீ நேத்திலேருந்து சாப்பிடல. சாப்பிடு, அன்ஸ்கர்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ரொட்டியைப் பிரித்தான். மன்னிப்பு என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை, அவனும் கேட்கவில்லை. அன்று எனக்கு என்மேல் இருந்த ஆத்திரத்தில் அதைச் சொல்லியிருந்தாலும் வசவாகத்தான் வந்திருக்கும்.

மூன்றரை மணிக்கு எண் தொண்ணூற்றெட்டு ஆனது. இருபத்தாறு பதிவுகள் வந்திருந்தன. பதினைந்து பாக்கி. நான் தேவையென்று குறித்துவைத்திருந்தவை, நாள், நேரம், இடம் எல்லாம் தெளிவாக இருக்கும் ஜூன் பதினெட்டின் ஐந்து பதிவுகள். வந்ததில் அவற்றில் ஒன்றுதான் இருந்தது. அது முழுசாக இருக்கிறதா என்று பார்க்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். முதலில் காற்று. தூரத்தில் ஒரு டிராக்டர். நான் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, மிகப் பக்கத்தில், கர்ர்-கர்ர், கர்ர்-கர்ர். கடைசிவரை கேட்டேன். குரல் ஓய்ந்து காற்று மட்டும் ஆனதும் பதிவு முடிந்தது.

முழுசா இருக்கிறது என்று சொல்ல ஹெட்ஃபோனைக் கழற்றினேன். கர்ர்-கர்ர் நிற்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து, விசிறிக் காற்றுக்கு நடுவே, வந்துகொண்டிருந்தது. காலையில் எரிச்சலூட்டிய அதே சத்தம், இப்போது அது நின்றால் மிச்சம் பதினைந்தும் போயிற்று. வோல்க்மார் எழுந்திருக்கப் போனவர், நாற்காலி கிறீச்சிடும் என்று பாதியிலேயே நின்றார். அன்ஸ்கர் வாயில் இருந்த ரொட்டியை மெல்லவில்லை. சத்தம் ஒரு கணம் நின்றது. மூன்று பேரும் குனிந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.