பெயரில்லாத இருக்கைகள்

"பூத்தாங். பூத்தாங். பூத்தாங்."

புனிதாவின் கணினியிலிருந்து வந்த மலாய்க் குரல் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னது. பொத்தான், பொத்தான், பொத்தான். எந்தப் பொத்தான் என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று மேலாளர் துரைசிங்கம்தான் ஒலியை ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தார்.

"சொல்லுங்க பாஸ், இதுல எந்த சீட்ட நான் விக்கணும்?" என்றாள் புனிதா.

ஈப்போ நகரிலிருந்த அந்த விரைவுப் பேருந்து நிறுவனத்தில் புனிதா தொலைபேசியில் டிக்கெட் விற்பவள். பிறவியிலேயே பார்வை இல்லை. பழைய மென்பொருளில் எல்லாமே தட்டச்சுதான். அவள் விரல் ஓடும் வேகத்துக்குப் பார்வையுள்ளவர்களே ஈடு கொடுத்ததில்லை. திங்கட்கிழமை அந்த மென்பொருள் போய்ப் புதியது வருகிறது. அதில் அவள் இன்றே தஞ்சோங் மாலிம் ஊருக்கு ஒரு டிக்கெட்டைத் தனியாக விற்றுக் காட்டவேண்டும். முடியாவிட்டால் "வேற வேல பாத்துக் குடுப்போம்" என்று துரைசிங்கம் சொல்லியிருந்தார். அந்த அலுவலகத்தில் அப்படிச் சொல்லப்பட்ட யாரும் மறுமாதம் அங்கே இருந்ததில்லை.

பக்கத்தில் நின்ற சிவாஜினிக்கு முகம் சூடானது. புதிய மென்பொருளின் டிசைன் சிஸ்டம் அவள் பொறுப்பு. பொத்தான், பெட்டி, பட்டியல் என்று திரையில் வருகிற ஒவ்வொரு உறுப்பையும் ஒரே ஒருமுறை ஒழுங்காகச் செய்து பொதுக் கிடங்கில் வைப்பாள். மற்றவர்கள் அங்கிருந்து எடுத்துத் தங்கள் பக்கங்களைக் கட்டுவார்கள். கிடங்கில் ஒரு பொத்தானைத் திருத்தினால் அதை எடுத்த எல்லாப் பக்கங்களிலும் அது தானாகத் திருந்திவிடும். அந்த அழகுக்காகவே அவள் இந்த வேலையை விரும்பினாள்.

ஒரு திரைக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று கண் பார்க்கும் படம். அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், உறுப்புகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். திரையைக் குரலாக்கிச் சொல்லும் திரைவாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பெயர்களைத்தான் படிக்கிறது. பெயர் வைக்காத பொத்தான், காப்பிக்கடையில் "ஒன்னு போடு" என்று மட்டும் கத்திவிட்டு உட்கார்ந்துகொள்கிற ஆள் மாதிரி. என்ன வேண்டும் என்று கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அவள் கிடங்கில் வைத்த இருக்கைப் பொத்தானுக்குப் பெயர் இருந்தது. அப்படியென்றால் திரையில் இருப்பது அவளுடைய இருக்கை இல்லை.

மடிக்கணினியில் இருக்கைப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து நின்ற ஜுபைரைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தைக் கட்டியவன் அவன்.

"நீங்க என் சீட்ட எடுக்கலயா?"

"எடுத்தேன் லா. அப்புறம் வெட்டிட்டேன்."

கிடங்கிலிருந்து எடுத்த உறுப்பைப் படியெடுத்துத் தொடர்பை அறுத்துவிட்டால் அது அநாதை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கிடங்கில் செய்யும் எந்தத் திருத்தமும் அதைப் போய்ச் சேராது. ஜுபைர் படத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு அடியிலிருந்த பெயர்களைத் தூக்கி எறிந்திருந்தான்.

"ஏன்?"

"உன் சீட்டு குண்டு. தொட்டா சுத்தி நீல வளையம் வேற. முழு பஸ்ஸும் ஒரே ஸ்கிரீன்ல வரணும்னு பாஸ் கேட்டாரு. ஒரு ஆளுக்காக எல்லாரும் அசிங்கத்தப் பாக்கணுமா?"

"அந்த ஒரு ஆளு இங்கதான் இருக்கேன் அண்ணே," என்றாள் புனிதா. "காது நல்லாவே கேக்குது."

புனிதா நாற்காலியைச் சிவாஜினியின் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"நீயும் பெரிசா பேசாத தங்கச்சி. ஆறு மாசமா எனக்காகச் செய்றேன், செய்றேன்னு ஆபிஸ் பூரா சொல்லிக்கிட்டு திரிஞ்ச. ஒரு நாளு என்னையக் கூப்ட்டு உக்கார வச்சியா?"

சிவாஜினி கூப்பிட்டதில்லை. கிடங்கில் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகச் சோதித்திருந்தாள். கட்டி முடித்த பக்கத்தை ஒரு தடவைகூடக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதில்லை.

துரைசிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, முடியலன்னு வச்சுக்குவோம். புனிதா, நீங்க திங்கக்கெழம ஆபிஸ் ரூமுக்கு வாங்க."

"ஒரு நிமிஷம் பாஸ்," என்றாள் சிவாஜினி.

கிடங்கில் ஒரு காவல் இருந்தது. பெயரில்லாத பொத்தான் ஒன்று எங்கே இருந்தாலும் மென்பொருளை வெளியிடவிடாமல் தடுத்துவிடும். வேலை தாமதமாகும் என்று அதை அணைத்துவைக்கச் சொன்னவர் துரைசிங்கம். அவர் கண்ணெதிரிலேயே அதை முடுக்கிவிட்டாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரை சிவப்பாயிற்று. ஜுபைரின் இருக்கைகள் ஒன்றுவிடாமல் பட்டியலில் வந்து விழுந்தன.

"கிலா என்ன ஒனக்கு? பைத்தியமா?" ஜுபைர் பாய்ந்து திரைக்கு அருகே போனான். பட்டியலின் அடிவரை படித்தவன் சத்தமாகச் சிரித்தான். "மச்சான்மார்களே, இங்க பாருங்க! கடைசியா இருக்கிறது யாரோடது? ஸ்கிரீன்ல பெட்டிய மூடுற பெருக்கல் குறி. மேடத்தோட சொந்தக் கிடங்கு!"

உண்மைதான். அவளே செய்தது, பெயர் வைக்க மறந்திருந்தாள். யாரோ பின்னாலிருந்து கை தட்டினார்கள். அவள் நிமிராமல் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். அந்தக் குறியை எடுத்திருந்த எல்லாப் பக்கங்களிலும் அது சரியாயிற்று.

"என்னோடது முடிஞ்சது. உங்களோடத நீங்க செய்ங்க."

"திங்கக்கெழமைக்கு அப்புறம்."

"நீங்க செய்றவரைக்கும் இது பச்சையாகாது, வெளியிடவும் விடாது."

"அத அணைம்மா," என்றார் துரைசிங்கம்.

"நான் அணைக்கமாட்டேன் பாஸ். வேணும்னா என்னைய நீக்கிட்டு வேற ஆள வச்சு அணைங்க."

துரைசிங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். பழைய மென்பொருளின் ஒப்பந்தம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அவளை நீக்கிவிட்டு இந்தக் கிடங்கைத் தெரிந்த இன்னொருவரை அதற்குள் எங்கே தேடுவது?

"ஜுபைர், அவ சீட்டையே வையி," என்றார். பிறகு அவள் பக்கம் குனிந்தார். "இந்த வெளையாட்ட இன்னொரு தடவ என்கிட்ட காட்டாத."

ஜுபைர் தன் மேசைக்குப் போய் விசைகளைக் குத்தினான். மெலிந்த இருக்கைகள் போய்க் குண்டு இருக்கைகள் வந்தன; பேருந்தின் பின்பாதி திரைக்கு வெளியே போனது. "பாருங்க, நல்லா பாருங்க, எவ்ளோ அழகு!" என்றான்.

புனிதா மீண்டும் விசையைத் தட்டினாள்.

"அம்பாட் ஏ. திங்காப். கோசோங்."

நான்கு ஏ, சன்னலோரம், காலி. அவள் அதை விற்றாள். அச்சு இயந்திரம் டிக்கெட்டைத் துப்பியது. துரைசிங்கம் அதை இயந்திரத்திலிருந்து கிழித்தெடுத்துப் பார்த்துவிட்டு, "சரி, ஒங்க சீட்டுலயே இருங்க," என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

சிவாஜினி புனிதாவின் மேசையருகே வந்து நின்றாள்.

"நன்றின்னு சொல்வேன்னு நிக்கிறியா?" என்றாள் புனிதா. "திங்கக்கெழம காலையில வந்து என் பக்கத்துல உக்காரு. வாயத் தொறக்காம கேளு. நீ இன்னும் எத்தன ஓட்ட வச்சிருக்கன்னு பாப்போம்."

"வாரேன் அக்கா."

புனிதா அதற்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, லகாட் ஊரிலிருந்து வந்த அழைப்பை எடுத்திருந்தாள்.