தும்மலா, வாயாடியா

தும்மல் என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே மீட்புக்குழுத் தலைவர் பலகையில் வலது பக்கம் இருந்த கோட்டைத் துணியால் துடைத்துவிட்டார். இப்போது இடது பக்கக் கோடு மட்டும்தான் இருக்கிறது. விடிந்ததும் ஆறு பேரும் அந்த வழியாகத்தான் மலை ஏறப் போகிறார்கள். துடைத்த கோட்டின் முனையில் அம்மா கிடந்தால், அவளைத் தேடி யாரும் போக மாட்டார்கள்.

நான் மாற்றிச் சொல்லலாம். இன்னும் விடியவில்லை. ஆனால் மாற்றிச் சொல்வதும் தப்பாகிவிட்டால்?

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாய் திறந்து தூங்குகிறார். பெரியம்மா பெஞ்சில் சுருண்டு படுத்திருக்கிறாள். ஹீட்டருக்கு முன்னால் வரிசையாக ஈர பூட்ஸ்கள். அறை முழுக்க அந்த நாற்றம். இவர்கள் யாரிடமும் சொல்ல முடியாது என்பதால்தான் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை காலை போனாள். இது இரண்டாவது ராத்திரி.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வாரம் முழுக்க ஜன்னல் இல்லாத அந்த அறையில், மெஷின் சத்தத்தில் நிற்பாள். லீவு நாளில் அருவிக்குப் போவாள். குளிக்க இல்லை, படம் பிடிக்க இல்லை. நடந்து போய், பார்த்து, வந்து எழுதுவாள். "உங்கம்மாவுக்கு என்னைவிட தண்ணி மேலதான் ஆசை. ஒரு நாள் அதுகூடவே குடும்பம் நடத்தப் போறா" என்று அப்பா கிண்டல் செய்வார். "அது உங்களை மாதிரி குறட்டை விடாது" என்பாள் அம்மா.

எழுதுவதற்கு ஒரு நீளமான நோட்டு. தேதி, வானம், தண்ணீரின் நிறம், அருவி விழும் குளத்தின் கரை எந்தப் பாறைவரை வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். கடைசிக் கட்டத்துக்குப் 'பேச்சு' என்று பெயர். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அம்மா அருவிக்குக் கீழே நிற்பாள். நான் பேசிக்கொண்டே பின்னால் நடப்பேன். என் குரல் கேட்காமல் போனதும் அவள் கையைத் தூக்குவாள். அதுவரை நான் வைத்த அடிகள்தான் அன்றைய பேச்சு. வெள்ளம் இருந்தால் நாலு அடியிலேயே கை மேலே போய்விடும். கோடையில் நான் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்லி முடித்தாலும் கை எழாது. அவள் தனியாகப் போன நாட்களில் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கும்.

அருவிகளுக்குப் பெயரும் நாங்கள் வைத்ததுதான். தும்மல் என்றால் சாரல் மூக்கில் ஏறி நான் தொடர்ந்து தும்மிய இடம். கடைசி ஏற்றம் வழுக்குப் பாறை. ஒருவர் மேலே நின்று கயிற்றைப் பிடிக்க, மற்றவர் ஏற வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான். வாயாடி அதற்கு நேர் எதிர்ப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அகலமானது. அது இருக்கும் இடத்தில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. அங்கே போனால் அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்துவிடுவாள், நான் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். மனசு சரியில்லாத நாளில் அவள் போகிற இடம் அது.

போய் வந்த பிறகுதான் எழுத வேண்டும் என்பது அவள் சட்டம். "போறதுக்கு முன்னாடி எழுதினா அது ஆசை. வந்தப்புறம் எழுதினாத்தான் பதிவு" என்பாள். தலையைக்கூடத் துவட்டாமல் எழுதுவாள்.

நேற்று அப்பா அந்த நோட்டைத்தான் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தார். தலைவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எங்க ஆளுங்களே இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க" என்றார். "எல்லாம் சரி. இந்த ஞாயித்துக்கிழமை பதிவு எங்க பாப்பா?"

"அது வந்துதான் எழுதுவாங்க" என்றேன்.

அவர் நோட்டை மெதுவாக மூடி அப்பாவிடம் கொடுத்தார்.

ஒரு பஸ் கண்டக்டருக்கு அம்மாவை ஞாபகம் இருந்தது. பாதை இரண்டாகப் பிரிகிற நிறுத்தத்தில் இறக்கிவிட்டாராம். மழையாக இருந்ததால் அவள் எந்தப் பக்கம் நடந்தாள் என்று பார்க்கவில்லையாம். அந்த நிறுத்தத்திலிருந்து இடது பக்கம் தும்மல், வலது பக்கம் வாயாடி. இன்று பகல் முழுக்கக் குழுவினர் இரண்டு பாதையிலும் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினார்கள். ஓடைகளில் தண்ணீர் இடுப்பு அளவுக்கு இருந்ததாம்.

சாயங்காலம் தலைவர் பலகையில் இரண்டு கோடு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு காலைல ஒரு நாலு மணி நேரம் மழை விடும்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் திரும்பப் பிடிச்சுக்கும். எங்களால ஒரு பக்கம்தான் போக முடியும் பாப்பா."

"மூணு மூணு பேரா பிரிஞ்சு போக முடியாதா?"

"கண்டுபிடிச்சா தூக்கிட்டு வரணுமில்ல? அந்த வழில ஸ்ட்ரெச்சர் தூக்க ஆறு பேர் வேணும்."

"ஹெலிகாப்டர்?" என்றார் அப்பா.

"மேகம் தரையைத் தொட்டுக்கிட்டு நிக்குது சார். அது எங்க வரும்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுச் செல்லப் பேரெல்லாம் எங்க மேப்புல இல்ல. நீதான் அவங்ககூடவே போனவ. நீ சொல்லு. தும்மலா, வாயாடியா?"

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தாள்.

"வாயாடியா? அப்படி ஒரு அருவி இருக்கா?"

அம்மா சின்ன வயதிலிருந்தே தன் அக்காவை, பெரியம்மாவை, அப்படித்தான் கூப்பிடுவாள். அந்தப் பெயரைத்தான் அருவிக்கும் வைத்தாள்.

"பெரிசா இருக்கும் பெரியம்மா. அதான்."

"பெரிசா இருக்குமா, ஓயாம கத்துமா?"

"ரெண்டும்தான்."

பெரியம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அங்கதான் போயிருப்பா. எங்க வீட்ல யார்கூட சண்டைன்னாலும் என்கிட்டதான் வந்து உக்காந்துப்பா. பேச மாட்டா. நான்தான் பேசிக்கிட்டே கிடப்பேன்." பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். "வீட்ல ஏதாவது சண்டையா?"

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்றார் அப்பா. அவருக்குத் தெரியாது. அன்று அவருக்கு இரவு டியூட்டி.

சனிக்கிழமை ராத்திரி அம்மா பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வரவில்லை என்றேன். ஏன் என்றாள்.

"ஒரே தண்ணிதானேம்மா. போன தடவை விழுந்த மாதிரிதான் இந்தத் தடவையும் விழும்."

"போன தடவை விழுந்தது இந்நேரம் எங்க போச்சோ. இது வேற தண்ணிடி."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் விளையாடவில்லை. "உனக்குன்னு ஒரு ஃப்ரெண்டுகூட இல்ல. அதான் என்னைப் போட்டு இழுக்கற. அடி எண்றதுக்கு வேற ஆளைப் பாத்துக்கோ" என்றேன்.

அவள் பையின் ஜிப்பை மூடினாள். "சரி, தூங்கு" என்றாள்.

இதைத்தான் நான் தலைவரிடம் சொல்லவில்லை. வாயாடி என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். அம்மா மனசு உடைந்துதான் போனாள், உடைத்தது நான் என்று அப்பா எதிரில் ஆகிவிடும். தும்மல் என்று சொன்னால், அவள் எனக்குப் பிடித்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாள் என்று ஆகும். அதனால் தும்மல் என்றேன். ரொம்பத் தெரிந்த மாதிரி சொன்னேன். அவர் துடைத்துவிட்டார்.

அப்பா என் தலையில் கை வைத்தார். "நீ எதைச் சொல்லியிருந்தாலும் உன்மேல தப்பு இல்லடா கண்ணு." அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

அப்போதிலிருந்து யோசிக்கிறேன். கயிறு வீட்டிலேயே இருக்கிறது, கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கயிறில்லாமல் தும்மலில் ஏற முடியாது என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் வாயாடி. ஆனால் மேலே நின்று பிடிக்க நான் இல்லாதபோது கயிறு எதற்கு? ஏறாமல் கீழே நின்று பார்த்துவிட்டு வரலாம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் தும்மல். மழைக்கோட்டை எடுத்துப் போயிருக்கிறாள். தும்மலுக்கு எப்போதும் கோட்டு வேண்டும். ஆனால் அன்று வீட்டு வாசலிலேயே தூறல். நோட்டில் அவள் தனியாகப் போன நாட்களை எல்லாம் தேடினேன். பாதி தும்மல், பாதி வாயாடி. நிறம் இருக்கிறது, வானம் இருக்கிறது, பேச்சுக்கு நேராகச் சின்னக் கோடு இருக்கிறது. ஏன் போனாள் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை.

கொஞ்சம் முன்னால் குழுவில் இருக்கும் ஒரு அக்கா பைகளைக் கட்டினாள். கயிறு, போர்வை, மருந்துப் பெட்டி. கடைசியாக மடித்த சாம்பல் நிறப் பை ஒன்று. ஆள் நீளத்துக்கு ஜிப் வைத்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அதைப் போர்வைக்கு அடியில் தள்ளினாள். "எப்பவும் எடுத்துட்டுப் போறதுதான்மா. வழக்கம்" என்றாள். நான் தலையாட்டினேன். இரண்டு ராத்திரி, நனைந்த உடம்பு, இந்தக் குளிர். எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சரியான பக்கம் போனால்தானே அதுகூட.

அவள் போய்ப் படுத்ததும் எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். தலைவர் மேஜையில் தலை வைத்துப் படுத்திருந்தார். தொடுவதற்கு முன்பே கண்ணைத் திறந்தார்.

"மாத்தணுமா?"

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதட்டியிருந்தால் அழுதிருப்பேன், நன்றாக இருந்திருக்கும்.

"சரி. கோவத்துல போனா வாயாடி. கோவம் இல்லாம போனா உனக்குப் பிடிச்ச இடம். அப்படித்தானே சொல்ற?"

"ஆமா."

"காலைல கிளம்பறப்ப அவங்க உன்கிட்ட பேசினாங்களா?"

பேசினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். விழித்துத்தான் இருந்தேன். அவள் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள். "பழைய இடம் ஒண்ணுக்குத்தான் போறேன். இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நான் தூங்குகிற மாதிரி மூச்சு விட்டேன். கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். முகத்தைப் பார்க்கவே இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

தலைவர் பேனாவை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றார். "இன்னும் கொஞ்ச நேரத்துல ஆளுங்களை எழுப்பணும். உனக்கு உறுதியா தெரிஞ்சா மாத்திடறேன். தெரியலைன்னா முதல்ல சொன்னதோட போறோம். யோசிச்சுட்டு வா" என்றார்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சொன்ன அந்த இரண்டு வாக்கியமும் அப்படியே காதில் இருக்கின்றன. எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் ஒரு தடவை கோபமாகக் கேட்கிறது, அடுத்த தடவை சாதாரணமாகக் கேட்கிறது. வெளியே மழைச் சத்தம் குறைந்திருக்கிறது. பக்கத்து அறையில் யாரோ பூட்ஸைத் தட்டி மாட்டுகிறார்கள்.

அந்த வாசலில் நின்றபோது அம்மா என்மேல் கோபமாக இருந்தாளா, இல்லையா?