214-ஆம் அறைக்கு வந்த தபால்

பல்கலைக்கழக நலப்பிரிவு அதிகாரிக்குக் கோபம் வந்தால் செருப்புச் சத்தமே மாறிவிடும். அன்று மதியம் அவள் பெண்கள் விடுதிப் படியேறிய சத்தத்தில் காவலாளி தானாக எழுந்து நின்றார்.

வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் புத்தம்புதுத் தாள் ஒன்று: அறை மாற்றப் பட்டியல். ஆய்வு மாணவியின் பெயர், பக்கத்திலேயே புது அறை எண், 214. அடப்பாவிகளா! முந்தாநாள்தான் அந்தப் பெண்ணைக் காதும் காதும் வைத்த மாதிரி இங்கே மாற்றியிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்பவன், தன்னை வேண்டாமென்றதற்காக அந்தப் பெண்ணின் கழுத்தை நெரித்திருந்தான். தடம் இன்னும் மறையவில்லை.

தாளைக் கிழித்துக்கொண்டு வார்டன் அறைக்குள் நுழைந்தாள்.

"யாரைக் கேட்டு இதை ஒட்டினீங்க?"

"யாரைக் கேக்கணும்? ரூம் மாறினா லிஸ்ட் ஒட்டணும். தபால்காரருக்குத் தெரிய வேணாமா? இருபது வருஷமா ஒட்டுறேன்."

"ரகசியம்னு சிவப்பு மையில எழுதியிருந்தேனே, கண்ணு எங்க போச்சு?"

"நீங்க அனுப்புறது எல்லாமே ரகசியம்தான். இதுக இன்னைக்கு அடிச்சுக்கும், நாளைக்குக் கூடிக்கும். அந்தத் தம்பி தங்கமான பையன். என் கம்ப்யூட்டரே அவன் கைராசியிலதான் ஓடுது."

"அதான் கேக்காம கொள்ளாம உள்ள வந்து போறானா?" அதிகாரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "எழுந்திருங்க. மேல போய்ப் பேசுவோம்."

214-இல் அந்தப் பெண் கதவுக்குக் கட்டிலை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். "மேடம், அவன் லிஸ்ட்டை போட்டோ எடுத்து எனக்கே அனுப்பியிருக்கான், இதோ வரேன்னு," என்றாள். அதிகாரி அவளைத் துப்புரவு அம்மாவோடு பின்படி வழியாகத் தன் அலுவலகத்துக்கு அனுப்பினாள். வாசல் காவலாளியையும் இன்னும் இரண்டு காவலர்களையும் பக்கத்து அறையில் மறைவாக நிறுத்தினாள். பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு வார்டனைக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"உங்க மேல ரெஜிஸ்ட்ராருக்கு எழுதறேன் பாருங்க. வேலைக்கே உலை வைக்கறேன்."

"தாராளமா எழுதுங்க. பேனா தரவா?"

வார்டன் அரைமணி நேரம் வசைபாடினாள். அதிகாரி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்போது கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

"நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும். மரியாதையா திற. போன தடவை மாதிரி பாதியில விடமாட்டேன்."

வார்டனுக்கு முகம் வெளிறிவிட்டது. அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எங்க ஓடி ஒளிஞ்சாலும் அந்த லூசு வார்டன் நம்பரை ஒட்டி வைப்பா," என்று வெளியே சிரித்தான். கதவு அதிர்ந்தது, இந்த முறை காலால்.

வார்டன் அதிகாரியின் கையைப் பிடித்தாள். அதிகாரி அதை உதறினாள்.

"தபால்காரர் வந்திருக்கார்," என்றாள். "போய்க் கதவைத் திறங்க."