சுற்றாத உணவகம்

எங்கள் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் நட்டநடுவில், வளைந்த நான்கு கால்களின் மேல் பறக்கும் தட்டு மாதிரி ஓர் உணவகம் நிற்கிறது. கட்டி முடித்து வருடம்கூட ஆகவில்லை. அது சுற்றும் என்று இந்த ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. சுற்றாது. பரிமாறுகிற எனக்கு அதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது.

அன்று மதியம் ஆர்வில் என்றொருவர் வந்து வடக்குச் சன்னலோரம் உட்கார்ந்து காப்பி கேட்டார். கடிகாரத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்பம்மா சுத்த ஆரம்பிக்கும்?"

"சுத்தாதுங்க. ராட்டினம் வேணும்னா கடற்கரைக்குப் போங்க," என்று சிரித்தேன்.

மனிதரின் முகம் வெளிறிவிட்டது.

"விளையாடாதீங்கம்மா! எம்பொண்ணு மார்னி அவ அம்மாவோட நியூயார்க் போறா. இனிமே அவ எனக்கில்லன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. வழியனுப்பக்கூட கிட்ட வரக்கூடாதாம். 'உன் விமானம் எந்தப் பக்கம் போனாலும் அப்பாவோட சன்னல் சுத்தி வரும், வெள்ளைத் துணி ஆட்டுறேன் பாரு'ன்னு சொல்லிட்டேன். அப்பாவுக்கு நீ வேண்டாதவன்னு அவ அம்மா ஓதி வச்சிருக்கா. நான் ஆட்டலன்னா அதையே நம்பிடுவாம்மா!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஓடுபாதை வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு.

"என்ன விமானம்? சீக்கிரம் சொல்லுங்க!"

"வால் சிவப்பா இருக்கும்... அதோ!"

தெற்கே ஒரு சிவப்பு வால் நகர்ந்துகொண்டிருந்தது. இருவரும் ஓடினோம். அங்கிருந்த வெள்ளை மேசை விரிப்பை ஒரே இழுப்பாக உருவினேன். தட்டுகள் நொறுங்கின.

"வெல்மா! பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" என்று மேலாளர் கத்தினார்.

"ஆமா, பிடிச்சிருக்கு! கொஞ்சம் தள்ளுங்க!"

ஆர்வில் விரிப்பை வாங்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்று ஆட்டினார். "மார்னி! கண்ணு! இங்க பாரும்மா!"

அந்த விமானம் ஓடுபாதைப் பக்கமே போகவில்லை. ஒரு சின்ன வண்டி அதைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனது. உள்ளே ஆளே இல்லை.

எங்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அதிர்ந்தது. வடக்கு ஓடுபாதையில் இன்னொரு சிவப்பு வால் எழும்பிக்கொண்டிருந்தது, அவர் முதலில் உட்கார்ந்திருந்த சன்னலுக்கு நேர் எதிரே. அந்தச் சன்னலில் அவருடைய காப்பிக் கோப்பை மட்டும்தான் இருந்தது.

"ஐயோ, மார்னி!" நாற்காலிகளில் இடறி விழுந்து எழுந்து ஓடினார். போய்ச் சேர்வதற்குள் விமானம் கடலுக்கு மேலே போய்விட்டது. ஆனாலும் ஆட்டினார். அது கண்ணுக்கு மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார். விரிப்பைத் திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.