என் விரலில் அவன் பாட்டு

ரெஜினா ஆடுகிறாள், ஒரு கையால் பட்டுச் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தலைக்கு மேல் சுழற்றியபடி, நெற்றி மயிர் வியர்வையில் ஒட்டியிருக்க, கல்யாணப் பந்தலில் அவளைச் சுற்றி மதினிமார் வட்டம் கட்டிக் கை தட்டுகிறார்கள், பதினோரு வருஷமாக என் வாசிப்புக்கு ஒருநாளும் கால் அசைக்காத என் மனைவி இதோ என் கண்ணெதிரே ஆடுகிறாள், அக்கார்டியன் என் மார்பில்தான் தொங்குகிறது, விரலும் என்னுடையதுதான், பாட்டு மட்டும் என் கூட்டாளி தஸ்நேவிசுடையது, ஏழரை பஸ்ஸு போயிட்டு மரியா, எட்டரைக்கு நானிருக்கேன் வாறியா, இவ்வளவுதான் பாட்டு, இதற்குத்தான் தூத்துக்குடியே ஆடுகிறது, கால் பின்னி நிற்கட்டும் என்று நான் வேகத்தைக் கூட்டுகிறேன், நிற்கவில்லை, அதே வேகத்துக்கு ஆடுகிறார்கள், ரெஜினா மேடையைப் பார்த்துச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு எனக்கா பாட்டுக்கா என்று கேட்காமலே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

தஸ்நேவிசும் நானும் ஒரே தெரு, ஒன்றாகத்தான் பைலா குழு தொடங்கினோம், அவன் பாடுவான், நான் அக்கார்டியன், கொழும்பில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கப்பலில் கொண்டுவந்த ஆட்டப்பாட்டு அது, ஒரு காலத்தில் எங்கள் கடற்கரைக் கல்யாணங்களில் பைலா முடியாமல் பந்திக்கு இலை போட மாட்டார்கள், பிறகு சினிமாப் பாட்டு வந்தது, கீபோர்டு வந்தது, நாங்கள் பைலா தொடங்கினால் கிழவர்கள் இரண்டு பேர் எழுந்து ஆடுவார்கள், இளவட்டங்கள் வெளியே போய் நிற்பார்கள், நான்தான் முதலில் சொன்னேன், பைலா செத்துட்டுல, கீபோர்டு வாங்கிருவோம், அவன் கேட்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தான், புதுசா ஒண்ணு கட்டியிருக்கேன் கேளுல என்று நாற்காலிக் கையில் தாளம் போட்டுப் பாடினான், பஸ்ஸைத் தவறவிட்ட மரியாவை அன்றுதான் நான் முதலில் கேட்டேன், சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன், இதுக்கு எவன்ல ஆடுவான் என்றேன், அவனும் கூடச் சிரித்துவிட்டு, ரெஜினா கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான், அந்த வாரமே அக்கார்டியனைப் பரணில் ஏற்றினேன், குழு பிரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பாட்டை முத்துமாலை அண்ணாச்சியின் காசட் கடையில் பதிந்து வெளியிட்டான், யாரோ ஒரு டிரைவர் திருச்செந்தூர் பஸ்ஸில் போட்டிருக்கிறார், இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் அடுத்த நிறுத்தம் வரை போனார்கள் என்று பேச்சு, மூன்றே மாதம், டீக்கடை, சலூன், கோயில் கொடை, எங்கும் மரியா, பைலா இருக்கா என்று கேட்டுத்தான் கல்யாணத்துக்குக் குழுவையே பேசினார்கள், ஊரில் உள்ள பாட்டுக்காரர்கள் எல்லாரும் பரணுக்கு ஏணி போட்டார்கள், நானும் போட்டேன், செத்துவிட்டது என்று நான் சொன்னதை அவன் ஒரே பாட்டில் எழுப்பிவிட்டான், எழுந்தது எனக்கும் சேர்த்துச் சோறு போட்டது, அந்தச் சோறுதான் எனக்கு இறங்கவில்லை.

ரெஜினா ஆடிய கல்யாணத்துக்கு மறுநாள் துறைமுக வாசல் டீக்கடையில் நின்று சொன்னேன், யாரும் கேட்காமலே சொன்னேன், அது தஸ்நேவிஸ் கட்டின பாட்டு இல்லவே, கொழும்புக் கப்பக்காரங்க பாடுன பழசு, நான் சின்னதுலயே கேட்டிருக்கேன், ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், மாதம் முடிவதற்குள் அது முத்துமாலை அண்ணாச்சி காதுக்குப் போய், அவர் பதியவிருந்த இரண்டாவது காசட் நின்றது, தஸ்நேவிஸ் என் வாசலில் வந்து நிற்கிறான், சட்டைப் பித்தான் மாற்றிப் போட்டிருக்கிறான், எவனோ புரளி கெளப்பிட்டான் மக்கா, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு, மொதமொதல்ல ஒங்கிட்டதான பாடிக் காட்டுனேன், நான் அவனோடு போகிறேன், வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வருகிறான், கடையில் அண்ணாச்சி என்னைப் பார்த்து, தம்பி, நீங்க சொல்லுங்க, பாட்டு இவரு கட்டினதுதானா என்கிறார், எனக்கு நாக்கில் உண்மை இருந்தது, பந்தலில் சுழன்ற ரெஜினாவின் கையும் கண்ணில் இருந்தது, ஞாபகமில்ல அண்ணாச்சி என்றேன், தஸ்நேவிஸ் என் விரல்களையே பார்த்தான்.

வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் சொன்னேன், ஏன் சொன்னேனோ, அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், ஒங்களுக்கு ஞாபகமில்லையா என்றாள், எனக்கு இருக்கே, அன்னைக்கு நான் அடுப்படியில கேட்டுக்கிட்டுத்தான நின்னேன், அன்னையில இருந்தே அது என் வாயிலதான் கெடக்கு, என்றவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தனியாகவே கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், உலை கொதித்து வழிந்து அடுப்பு அணைந்திருந்தது, ஊர் கேட்பதற்கு இரண்டு வருஷம் முன்பே, நான் சிரித்த பாட்டை என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி வைத்திருந்திருக்கிறாள்.

மறுவாரம் தஸ்நேவிஸ் வந்தான், அண்ணாச்சி சரின்னுட்டாரு, அடுத்த காசட்டுக்கு நீதான் வாசிக்கணும்ல என்றான், புரளி யார் கிளப்பியது என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன், மன்னிப்பதிலும் அவனே முந்திக்கொண்டானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, விரல் வலிக்கு, வேற ஆளைப் பாரு என்றேன், மணப்பாடு ஊர்க்காரன் ஒருவனை அக்கார்டியனுக்கு வைத்துப் பதிந்தான், அவன் சுமாராகத்தான் வாசித்திருக்கிறான், மூன்றாவது பாட்டில் சரணம் முடிந்து திரும்புகிற இடத்தில் விரல் கட்டை மாறிப் பட்டு ஒரு சுரம் பிசகி விழுகிறது, அந்தக் காசட்டும் முதல் காசட் போலவே ஓடியது, எனக்கும் மேடைகள் குறையவில்லை, ஒரு கல்யாணத்தில் அந்த இடத்தைத் திருத்திச் சரியாக வாசித்தேன், ஆடிக்கொண்டிருந்தவர்கள் தடுமாறி நின்றார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கு அருகே வந்து, என்ன அண்ணாச்சி, காசட்டுல இருக்கிற மாதிரி வாசிங்க, பிள்ளையளுக்கு ஆட வரல என்றார், சரி என்று தலையசைத்தேன், மறுபடி தொடங்கி, அந்தத் திருப்பம் வந்ததும், காசட்டில் அவன் தவறி அழுத்திய அதே கட்டையில் என் விரலை வைத்து அழுத்தினேன்.